பச்சைக் கோடு நின்றுவிட்டதா? ரிசோர்ஸ் மானிட்டர்: ஒரு விமர்சனம்

இன்ஸ்டால் ஆகும்போது ஓடுகிற பச்சைக் கோட்டைக் கடிகாரமாக நினைப்பதில்தான் பாதித் தலைவலி தொடங்குகிறது. அந்தக் கோடு நேரத்தை அளப்பதில்லை. மொத்தம் இத்தனை வேலை, அதில் இத்தனை முடிந்தது என்று இன்ஸ்டாலர் போட்டுவைத்த உத்தேசக் கணக்கைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஃபைல்களை நகலெடுக்கும் வேலை கணக்குக்குள் எளிதில் அடங்கும். கடைசியில் வருகிற டிரைவர் பதிவு, டாட்நெட் தொகுப்பு, சர்வீஸ் தொடக்கம் எல்லாம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று இன்ஸ்டாலருக்கே தெரியாது. அதனால் 90 சதவீதம் வரை குதிரையாக ஓடிய கோடு, பிறகு முளையில் கட்டிய மாடாக நிற்கும். நின்றது கோடா, வேலையா என்று பார்க்காமல் டாஸ்க் மேனேஜருக்குப் போய்க் கழுத்தைத் திருகினால், நன்றாக இருந்த சிஸ்டமும் கெடும்.

எது நின்றிருக்கிறது என்று சொல்ல விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. பெயர் ரிசோர்ஸ் மானிட்டர். காசு இல்லை, டவுன்லோட் இல்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் தனி நிரலாக இடம்பிடித்தது. 10-லும் 11-லும் கிட்டத்தட்ட அதே முகத்தோடு இருக்கிறது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் ஆர், இ, எஸ், எம், ஓ, என் என்ற ஆறு எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் திறக்கும். அட்மின் உரிமை வேண்டும். "உங்கள் கம்ப்யூட்டர் வேகத்தை மூன்று மடங்காக்குகிறோம்" என்று ஆண்டுச் சந்தா கேட்கும் கிளீனர் மென்பொருள்களுக்கு முன்னால் இதை வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அவை எதையாவது அழித்துவிட்டு எண்ணிக்கை சொல்லும். இது எதையும் அழிக்காது. நாடி மட்டும் பிடித்துச் சொல்லும்.

ஐந்து டேப் உண்டு: ஓவர்வியூ, சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க். இன்ஸ்டால் சிக்கலுக்கு டிஸ்க் டேபில்தான் முக்கால்வாசி விடை கிடைக்கும். மேலே புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல், நடுவில் எந்த ஃபைலை எந்தப் புரோசஸ் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல், அடியில் ஸ்டோரேஜ் பகுதி. அந்த நடுப்பட்டியல்தான் இந்தக் கருவியின் பொக்கிஷம். டாஸ்க் மேனேஜர் "டிஸ்க் 100 சதவீதம்" என்று சிவப்பாகக் கத்தும்; எந்த ஃபைலால் என்று சொல்லாது. இது ஃபைலின் முழுப் பாதையையும், ஒவ்வொரு வேலைக்கும் டிஸ்க் எத்தனை மில்லிசெகண்டில் பதில் சொல்கிறது என்பதையும் பக்கத்திலேயே காட்டும்.

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இன்றும் பல வீடுகளில் இருக்கும் லேப்டாப் இதுதான். அதில் ஒரு பெரிய மென்பொருளை ஏற்றுகிறோம் என்று வையுங்கள். டிஸ்க் டேபின் நடுப்பட்டியலில் ரெஸ்பான்ஸ் டைம் என்ற தலைப்பைச் சொடுக்கி, பெரிய எண் மேலே வரும்படி வைத்தால் காட்சி ஏறத்தாழ இப்படி இருக்கும். இன்ஸ்டாலர், தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைலை எழுதுகிறது. அதே ஃபைலை விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் புரோசஸ் படித்துச் சோதிக்கிறது. அதன் பெயர் எம், எஸ், எம், பி என்று தொடங்கும். கீழே டிஐவொர்க்கர் என்ற பெயரில் விண்டோஸ் அப்டேட் தன் வேலையைப் பார்க்கிறது. இன்னும் கீழே சிஸ்டம் என்ற பெயரில் பேஜ் ஃபைல் ஓடுகிறது: ராம் போதாமல், விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. நான்கு பேரும் ஆளுக்கொரு குடத்தை ஒரே குழாயில் நீட்டுகிறார்கள்.

இதில் கணக்கு என்ன? 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம், டிஸ்க்கைப் படித்து எழுதும் முள்ளுக்கு அடியில் வர சராசரியாகப் பாதிச் சுற்று, 5.5 மில்லிசெகண்ட். முள் நகர்ந்து அந்த இடத்துக்குப் போக இன்னொரு 12 மில்லிசெகண்ட் அளவில் ஆகும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய வேலைகள் நொடிக்கு 60-க்கு மேல் அந்த டிஸ்க்கால் முடியாது. இன்ஸ்டாலர் 20,000 சிறு ஃபைல்களை வைக்கிறது, ஃபைலுக்கு மூன்று முறை டிஸ்க்கைத் தொடுகிறது என்றால் 60,000 வேலை. அதற்கே 17 நிமிடம். கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு கொஞ்சம் காப்பாற்றும், டிஃபெண்டரும் அப்டேட்டும் அதைத் தின்றுவிடும். அதனால்தான் "நொடிக்கு 100 எம்பி" என்று அட்டையில் போட்ட டிஸ்க், இன்ஸ்டால் நேரத்தில் நொடிக்கு 300 கேபி எழுதிக்கொண்டு திணறுகிறது. பழுது ஒன்றும் இல்லை. இந்தக் காட்சியைப் பார்த்தவர் செய்ய வேண்டியது, காத்திருப்பதும் கூட்டத்தைக் குறைப்பதும்தான். பிரவுசரை முழுக்க மூடுங்கள். விண்டோஸ் அப்டேட்டை அதன் அமைப்பில் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். டிஐவொர்க்கர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை முடிக்க விட்டுவிட்டுப் பிறகு இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். நடுவில் கொன்றால் அப்டேட் அரைகுறையாக நின்று, அடுத்த ரீஸ்டார்ட்டில் அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் போகும்.

டிஃபெண்டரை அணைத்துவிடலாமா என்று உடனே கேள்வி வரும். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேராக எடுத்த ஃபைல் என்றால், ரியல் டைம் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தலாம். சற்று நேரத்தில் விண்டோஸே அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். "முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று ஒரு ஃபைலே கட்டளையிட்டால் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். டிஃபெண்டரைவிட அதிகமாக மாட்டுவது வேறு: லேப்டாப்போடு இலவசமாக வந்து, சந்தா தீர்ந்தும் போகாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆன்டிவைரஸ். டிஸ்க் டேபில் அதன் பெயர் இன்ஸ்டாலரின் ஃபைல் பக்கத்திலேயே நிற்கும். அதை முறையாக நீக்கினாலே பல இடங்களில் வேகம் திரும்பிவிடுகிறது.

ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கருவியில் தெரியும் எண்கள் அந்த நொடியின் எண்கள் அல்ல, கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. இன்ஸ்டாலர் இப்போதுதான் நின்றது என்றால் அடுத்த நிமிடம் வரை எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், வேலை நடப்பது போலத் தோன்றும். அதனால் பார்த்ததும் தீர்ப்பு எழுதக்கூடாது. முழுதாக இரண்டு நிமிடம் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் பெரிது. செட்டப் என்ற புரோசஸை மட்டும் டிக் அடித்துப் பார்த்தால் சுழியமாகத் தெரியும், "செத்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் எம்எஸ்ஐ (விண்டோஸின் சொந்த இன்ஸ்டால் தொகுப்பு) வகை மென்பொருள்களில் கனமான வேலையைச் செய்வது செட்டப் இல்லை. எம்எஸ்ஐஎக்ஸெக் என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ்தான் பின்னால் தனியாக ஓடிச் செய்கிறது. செட்டப் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். பட்டியலில் எம்எஸ்ஐஎக்ஸெக் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் டிக் அடியுங்கள். டிக் அடித்ததும் மற்ற புரோசஸ்கள் கீழ்ப்பட்டியலிலிருந்து மறைந்து ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று வரும். வேலை முடிந்ததும் டிக்கை எடுக்க மறக்காதீர்கள்; பலர் மறந்துவிட்டு "டிஸ்க்கில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் டிக் அடித்தும் டிஸ்க்கில் எழுத்து இல்லை, சிபியு சுழியம், நெட்வொர்க் சுழியம் என்றால் இன்ஸ்டாலர் எதற்கோ காத்திருக்கிறது. முதல் சந்தேகம் மறைந்திருக்கும் கேள்விப்பெட்டி. "இந்த டிரைவரை நம்புகிறீர்களா", "இந்த மென்பொருளை மூடவா" என்று ஒரு பெட்டி மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் பதில் கேட்டுக்கொண்டு நிற்கும். ஆல்ட் டேப் தட்டிப் பாருங்கள், டாஸ்க் பாரில் மினுக்கும் ஐகானைப் பாருங்கள். பிரிண்டர் டிரைவர்கள் இதில் பேர்போனவை: யுஎஸ்பி கேபிளைச் செருகும் வரை அவை மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். செருகச் சொல்லும் வரியோ திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

பெட்டி எதுவும் இல்லையா? சிபியு டேபுக்குப் போய், அந்தப் புரோசஸின் மேல் ரைட் கிளிக் செய்து "அனலைஸ் வெயிட் செயின்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று மரம் போல் விரித்துக் காட்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரே நேரத்தில் ஒரு எம்எஸ்ஐ வேலையைத்தான் உண்மையில் நடத்தும். வேறொரு மென்பொருளின் தானியங்கி அப்டேட் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் நம்முடையது வரிசையில் நிற்க வேண்டும், அல்லது 1618 என்ற பிழை எண்ணோடு வெளியே வரும். 1618 என்பது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. "இன்னொரு இன்ஸ்டால் நடக்கிறது" என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். முடியும் வரை பொறுத்து மறுபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒரு ரீஸ்டார்ட். வெயிட் செயினுக்கும் எல்லை உண்டு. எல்லா வகைக் காத்திருப்பும் அதன் கண்ணுக்குத் தெரியாது. "இந்தப் புரோசஸ் சரியாக ஓடுகிறது" என்று அது சொன்னால் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே சிபியு டேபின் கீழே "அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்" என்றொரு தேடல் பெட்டி இருக்கிறது. "ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது, மாற்ற முடியவில்லை" என்று இன்ஸ்டாலர் புலம்பினால் அந்த ஃபைலின் பெயரில் பாதியை இங்கே அடித்தால் போதும், பிடித்து வைத்திருக்கும் புரோசஸின் பெயர் வந்துவிடும். பெரும்பாலும் அதே மென்பொருளின் பழைய பதிப்பு கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக ஓடிக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க் டேப் ஒரு வகை இன்ஸ்டாலருக்கு மட்டும் உயிர். டவுன்லோட் செய்த ஃபைல் ஒன்றிரண்டு எம்பி மட்டுமே என்றால் அது வெறும் ஏஜென்ட்; உண்மையான சரக்கை ஓடும்போதுதான் இணையத்திலிருந்து இழுக்கும். கோடு நிற்கிறது என்றால் சரக்கு வரவில்லை என்று பொருள். இங்கே எண்கள் பைட்டில் இருக்கும், நெட் கம்பெனி விற்பது பிட்டில். 40 எம்பிபிஎஸ் பிளான் என்றால் உச்சமே நொடிக்கு 5 எம்பிதான், அதைக் கண்டு ஏமாந்துபோக வேண்டாம். கீழே டிசிபி கனெக்ஷன்ஸ் பகுதியில் பாக்கெட் லாஸ் என்ற நெடுவரிசை தொடர்ந்து சுழியத்துக்கு மேல் இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் போடுங்கள். இணைப்பே உருவாகாமல் இருந்தால், விபிஎன்னை நிறுத்துங்கள், பிறகு திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் போகும், டவுன்லோட் சத்தமில்லாமல் நின்றுவிடும். சில ரூபாய் பேட்டரிக்காக விண்டோஸையே மாற்றிப் போட்டவர்கள் உண்டு.

இனி, சிரிக்க முடியாத நிலை. டிஸ்க் டேபில் ஆக்டிவ் டைம் 100 சதவீதம், எழுதும் வேகம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட். ஆரோக்கியமான எஸ்எஸ்டியில் இது ஓரிலக்கத்தில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணமாக 10, 20. நெரிசலில் சில நூறுகூடப் போகலாம். எந்த நெரிசலும் இல்லாமல் ஆயிரத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் டிஸ்க் கெட்ட இடத்தை மறுபடி மறுபடி படித்துப் பார்க்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸின் சிஸ்டம் பகுதியில் 7, 51, 129, 153 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 7 என்றால் கெட்ட செக்டர். 153 என்றால் ஒரே வேலையை மறுபடி முயன்றிருக்கிறது. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாமல் போய் ரீசெட் ஆகியிருக்கிறது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் 05, சி5, சி6 என்ற வரிகளில் சுழியம் அல்லாத எண் இருந்தால் டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் அல்லது மாற்றுங்கள். டிஸ்க்தான் குற்றவாளி என்றால் இன்ஸ்டாலை அப்படியே கேன்சல் செய்துவிட்டு முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக் டிஸ்க்கை முழுச் சோதனையில் ஓட்டுவது அதற்குப் பிறகுதான். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முனையிலிருந்து முனை வரை படிக்க வைத்தால் மிச்ச உயிரும் போகும்.

அடியில் உள்ள ஸ்டோரேஜ் பகுதியில் காலி இடமும் தெரியும். டி டிரைவில்தானே போடுகிறேன், சி டிரைவ் நிறைந்திருந்தால் என்ன என்று கேட்பவர்கள் கவனிக்க: இன்ஸ்டாலர் மூட்டையை முதலில் பிரிப்பது பெரும்பாலும் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரில். 10 ஜிபி மூட்டை பிரிந்தால் அதற்கு மேலும் ஆகும். இடம் காலி செய்கிறேன் என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரைக் காலி செய்துவிடாதீர்கள். அதில் இருப்பவை ஏற்கெனவே போட்ட மென்பொருள்களின் மூல எம்எஸ்ஐகள். அவை போனால் பின்னாளில் அந்த மென்பொருளை அப்டேட்டும் செய்ய முடியாது, ஒழுங்காக நீக்கவும் முடியாது. கேம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டீமில் டவுன்லோட் திடீரென்று சுழியத்துக்கு விழுந்தால் நெட்டைக் குறை சொல்லும் முன் டிஸ்க் டேபைப் பாருங்கள். இழுத்ததைப் பிரித்து எழுதி முடிக்கும் வரை அது அடுத்ததை இழுக்காமல் இருக்கும். விலை மலிவான எஸ்எஸ்டிகளில் கேஷ் நிறைந்ததும் எழுதும் வேகம் தடாலென விழும்.

எப்போது கைவிடலாம்? பத்து நிமிடம் டிஸ்க்கில் எழுத்தில்லை, சிபியு இல்லை, நெட்வொர்க் இல்லை, மறைந்த பெட்டியும் இல்லை என்றால் கைவிடலாம். அப்போதும் எண்ட் டாஸ்க் வேண்டாம், கேன்சல் பொத்தானை அழுத்துங்கள். கோடு பின்னோக்கிப் போக ஆரம்பிக்கும்: செய்ததை எல்லாம் திருப்பிக்கொண்டிருக்கிறது. ஏற எடுத்த நேரம் இறங்கவும் ஆகலாம். நடுவில் கொன்றுவிட்டால் அடுத்த முறை 1704 என்ற எண்ணோடு "பாதியில் நிற்கும் இன்ஸ்டாலை முதலில் திருப்ப வேண்டும்" என்று கேட்கும். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவதே நல்லது. சேஃப் மோடில் போய் முயல்வது வீண். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் இயல்பாக அங்கே ஓடாது.

குறைகள் நிறைய. இந்தக் கருவி எதையும் பதிந்து வைக்காது. இரவில் நின்ற இன்ஸ்டாலைக் காலையில் எழுந்து இதில் விசாரிக்க முடியாது. "ஏன்" என்ற கேள்விக்கு நேர் பதில் கிடையாது. 1603 போன்ற பொதுவான பிழை எண் வந்தால் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் என்ற பெயரில் உள்ள வரிகளுக்குத்தான் போக வேண்டும். எழுத்து பொடி, வயதானவர்கள் கண்ணாடியோடும் முகத்தைச் சுளிப்பார்கள். இதைவிட ஆழம் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் புராசஸ் மானிட்டர் இருக்கிறது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று அது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் எந்த வரியில் அனுமதி மறுக்கப்பட்டது என்பதுவரை காட்டும். ஆனால் வடிகட்டத் தெரியாமல் ஓட்டினால் சில நிமிடத்தில் லட்சக்கணக்கான வரிகள் கொட்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. பத்தில் எட்டு சிக்கலுக்கு ரிசோர்ஸ் மானிட்டரே போதும் என்பது எங்கள் கணிப்பு.

கடைசியாக ஒரு எரிச்சல். சிஸ்டம் ஏற்கெனவே திணறும் நேரத்தில் இதைத் திறந்தால் இதுவும் அதே டிஸ்க்கிலிருந்துதான் எழுந்து வர வேண்டும். மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் வெற்று ஜன்னல் மட்டும் வந்து அரை நிமிடம் முழிக்கும். ஆகவே பெரிய மென்பொருள் எதையும் தொடங்கும் முன்பே இதைத் திறந்து, டிஸ்க் டேபில் வைத்து, ஓரமாகச் சுருக்கிவிட்டுப் பிறகு செட்டப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள்.